நெல் பேச்சை நிறுத்திய ஐப்பசி

அந்தக் காலத்தில் வயலில் இறங்கினால் காது வலிக்கும். பயிர்களுக்கெல்லாம் வாய் இருந்தது. இருந்த வாயை அவை சும்மா வைத்திருக்கவில்லை. உளுந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கத்தரி தன்னைப் பூச்சி அரிப்பதை ஊருக்கெல்லாம் சொல்லிப் புலம்பும். வாழை காலையிலிருந்து மாலைவரை தன் கன்றுகளை அதட்டும். இத்தனை பேருக்கும் நடுவில், வேறு யாரையும் பேசவிடாமல் பேசியது நெல்தான்.

நெல் பேச ஆரம்பித்தால் களை எடுக்க வந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். அரிவாளோடு வந்தவர்களிடம்கூட, இந்தப் பக்கம் முற்றிவிட்டது, அந்தப் பக்கம் நாலு நாள் பொறுங்கள் என்று அதுவே வேலை பிரித்துக் கொடுக்கும். தண்ணீர் போதாவிட்டால் கேட்கும். புகையான் பூச்சி அடித்தால் சொல்லும். அதனால் அந்தக் காலத்து மனிதர்களுக்கு வயலை உற்றுப் பார்க்கும் பழக்கம் இல்லை. மேட்டில் நின்று ஒரு குரல் கொடுப்பார்கள், பதில் வரும், வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பேச்சு மட்டுமல்ல, நெல்லுக்குக் கையும் ஓட்டைக்கை. எல்லாப் பயிருக்கும் இலைதான் அடுப்பு. பகலெல்லாம் வெயிலில் சமைத்து மாவு உண்டாக்கும். சேனை அந்த மாவைக் கீழே கொண்டுபோய்க் கிழங்கில் அடைத்துவைக்கும். கரும்பு இனிப்பாக்கித் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொள்ளும். நெல் அப்படியில்லை. அன்று சமைத்ததில் பாதியை அன்றே தின்று ஒரு விரற்கடை உயர்ந்துவிடும். மீதியைப் பேசித் தீர்க்கும். கதிர் வரும் பருவத்தில் எல்லாவற்றையும் கதிரில் கொட்டிவிட்டு வெறும் தாளாக நிற்கும். மண்ணுக்குள் ஒளித்துவைத்து யாருக்கடி காவல் காக்கிறாய் என்று சேனையை அது கேலி செய்யாத நாள் கிடையாது. சேனைக்கும் வாய் உண்டு, ஆனால் அது பதில் சொல்லாது.

இப்படி இருந்தால் வெள்ளத்தில் என்ன ஆகும்? செத்துப்போகும். பள்ளத்து வயல்களில் ஒவ்வொரு வருஷமும் நெல் செத்தது. கலங்கல் தண்ணீர் தலைக்கு மேல் ஏறினால் வெயில் கிடையாது. வெயில் இல்லையென்றால் அடுப்பு எரியாது. கையிருப்பு எதுவும் இல்லாத பயிர் நாலு நாளில் அழுகிவிடும். மனிதர்கள் ஒரு நாள் அழுவார்கள். மறுநாள் வைக்கோல் பிரி சுற்றிக் கட்டிவைத்த விதைக்கோட்டையைப் பிரித்து, மறுபடியும் விதைப்பார்கள். கோட்டையில் விதை இருந்தவரை நெல்லுக்கும் புத்தி வரவில்லை, மனிதருக்கும் வரவில்லை.

பிறகு கோட்டை காலியான வருஷம் வந்தது.

நெல் அப்போது உலகத்தில் ஒரே ஊரில்தான் இருந்தது. ஆறு கடலில் சேருவதற்கு முன்னால் வருகிற கடைசி ஊர் அது. அந்த வருஷம் ஆடியில் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. முதல் விதைப்பு கருகிப்போனது. இரண்டாம் விதைப்பை எறும்பும் குருவியும் பங்கு போட்டுக்கொண்டன. ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேட்டுச் சீமையில் தினை விதைத்துப் பிழைத்துக்கொள்கிறோம் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காத்தாயியும் அவள் புருஷன் வைரக்கண்ணுவும் மட்டும் போகவில்லை. காரணம், ஊருக்கென்று மிஞ்சிய கடைசி மரக்கால் விதை காத்தாயி வீட்டுக் கோட்டையில் இருந்தது. அதை அவள் ஆவணியில் நாற்றங்காலில் தெளித்தாள். புரட்டாசியில் பிடுங்கி நட்டாள். நடுவதற்கு ஈரம் இருந்தது ஆற்றோரப் பள்ளவயலில் மட்டும்தான். ஊரிலேயே தாழ்ந்த வயலும் அதுதான். இருந்தும் வேறு வழியில்லாமல் அங்கேயே நட்டாள்.

அவர்கள் குடிசை அந்த வயலை ஒட்டிய மேட்டில் இருந்தது. அடுப்பு வாசலிலேயே இருந்ததால், நெல்லுக்கு அவள் சமைப்பது தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? உப்பு போதாது, விறகு ஈரம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு காலை அது வேறொன்றைக் கவனித்தது. காத்தாயி முறத்தில் அரிசியை அளந்தாள். அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்து, மூலையில் இருந்த தனிப் பானையில் போட்டாள். மீதியைத்தான் உலையில் போட்டாள். மறுநாளும் அதையே செய்தாள்.

"ஏன் காத்தாயி, ஒன் புள்ளைங்க ரெண்டுக்கும் இருக்குறதே பத்தல. அதுலயும் ஒரு பிடிய எடுத்து எதுக்குப் பானையில போடுறே?" என்று கேட்டது நெல்.

"அடுப்பெரியாத நாளுன்னு ஒண்ணு வரும்ல. அதுக்கு" என்றாள் காத்தாயி.

நெல் சிரித்தது. சூரியன் இன்றைக்கு வந்தது, நாளைக்கும் வரும், அதற்கு என்ன கவலை என்றது. காத்தாயி உலை கொதிக்கும்வரை இருந்துவிட்டு, வயலோரம் இறங்கி வந்தாள். போன வருஷம் இதே பள்ளத்தில் நின்ற நெல்லும் இப்படித்தான் பேசியது என்றாள். அதற்கு முந்தின வருஷத்து நெல்லும் அப்படித்தான் என்றாள்.

"அதுங்க செத்தப்ப கோட்டையில வெத இருக்குன்னு இருந்தோம். இந்த வருசம் கோட்டையே நீதாண்டி" என்றாள்.

நெல் அன்று மத்தியானம்வரை பேசவில்லை. உளுந்துக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

பிறகு அது கேட்டது, எங்கே வைப்பது என்று. தனக்குக் கிழங்கு கிடையாது, கரும்பு போலப் பருத்த உடம்பும் கிடையாது என்றது. காத்தாயி ஒரு தூரைப் பிடித்து, தாளைச் சுற்றிக்கொண்டு நிற்கிற இலையுறையைத் தடவிப் பார்த்தாள். அடிப்பக்கம் கொஞ்சம் தடிப்பாக, உள்ளே இடம் இருப்பதாகப் பட்டது. இங்கே வை, ஒரு நாளைக்கு ஒரு பிடி போதும் என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டே வந்த வைரக்கண்ணு சண்டைக்கு வந்துவிட்டான். தாளில் வைத்தால் கதிர் சிறுத்துப்போகும், பாடுபட்டு நட்டது தாளைத் தின்னவா என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். நெல்தான் வழி சொன்னது. வெள்ளம் வந்தால் தின்றுகொள்கிறேன், வராவிட்டால் கதிர் பால் பிடிக்கும்போது வைத்ததையெல்லாம் மேலே அனுப்பிவிடுகிறேன் என்றது. வைரக்கண்ணு சரி என்றான். ஆனால் அன்றிலிருந்து பயிர் முன்பு போல் மளமளவென்று உயரவில்லை என்று பார்க்கும்போதெல்லாம் முனகினான்.

நம்பாதவர்கள் இருப்பீர்கள். நல்ல நெல் தூர் ஒன்றைப் பிடுங்கி, அடித்தாளை நறுக்கி, அதில் மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மாவு இருக்கிற இடமெல்லாம் கறுநீலமாகிவிடும். நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்றால் தாளும் சேர்ந்தா பொய் சொல்லும்?

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. கடல் பொங்கி நின்றதால் ஆறு போக இடமில்லாமல் கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் வந்தது. வைரக்கண்ணுவும் காத்தாயியும் மாடுகளையும் பிள்ளைகளையும் பிடி அரிசிப் பானையையும் மேட்டின் உச்சிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் பள்ளவயல் மறைந்துவிட்டது. பயிரின் நுனிக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் நின்றது.

உள்ளே நெல்லுக்குப் பக்கத்தில் கோரை நின்றது. வயலுக்கு வயல் உரிமை கொண்டாடுகிற அதே கோரைதான். "ஒரு முழந்தானே. எக்கிப் போயிடலாம், வா" என்று அது கூப்பிட்டது. நெல்லுக்கு உயரம் என்றால் உயிர். யோசிக்காமல் எக்கியது. ஒரு விரற்கடை போனது. அதற்குள் நாலு நாளுக்கு வைத்திருந்த மாவு தீர்ந்தது. தண்ணீரோ இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நெல் பயந்துபோய் நின்றுவிட்டது.

கோரை நிற்கவில்லை. மறுநாள் நுனியை வெளியே நீட்டிவிட்டேன் என்று மேலிருந்து கத்தியது. அன்று சாயங்காலமே தண்ணீர் இன்னொரு முழம் ஏறியது. கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்ட கோரை மூன்றாம் நாள் தளர்ந்து, மடிந்து, சேற்றில் படுத்தது. அதன் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நெல் உட்கார்ந்துவிட்டது. அதாவது வளர்வதை நிறுத்தியது. வேரைத் தூங்கச் சொன்னது. வெளி இலைகளுக்கு இனி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டது. அவை பழுத்து, குழைந்து, கழன்றன. நடுவில் குருத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, உறையில் இருந்த மாவைக் கிள்ளிக் கிள்ளித் தின்றது. ஒன்றை மட்டும் அதனால் விடமுடியவில்லை. தினமும் காலையில் காத்தாயி மேட்டு விளிம்பில் வந்து நின்று, "நெல்லு, இருக்கியா?" என்று கேட்பாள். இது தண்ணீருக்கு அடியிலிருந்து, "இருக்கேன்" என்று சொல்லும். ஒரு குமிழி மேலே வரும், அது உடையும்போது அந்தச் சொல் கேட்கும். காத்தாயி நிம்மதியாகத் திரும்பிப் போவாள்.

ஐந்தாம் நாள் நெல் தன் கையிருப்பைத் தடவிப் பார்த்தது. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு நாள் சாப்பாடு செலவாகிறது என்று அப்போதுதான் புரிந்தது. பதில் சொல்லாவிட்டால் செத்துவிட்டதாக நினைப்பாள். பதில் சொன்னால் உண்மையிலேயே செத்துவிடும். மேலிருந்து காத்தாயி கூப்பிட்டாள். நெல்லுக்கு அழுகையாக வந்தது. அது அழவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

மேட்டில் நிலைமை வேறு மாதிரி இல்லை. அடுப்பெரியாத நாள் வந்துவிட்டது. பானையில் இருந்த பிடி அரிசிதான் சோறு. அதுவும் ஒரு வேளைக்கு ஒரு பிடி, தண்ணீரில் ஊறவைத்து நாலு பேருக்கு. அரிசி முளைக்காது, ஆகவே அதை விதைக்கென்று வைத்திருக்கவும் வேண்டியதில்லை. முதல் நாலைந்து நாள் பிள்ளைகள் இரண்டும் பசிக்கிறது என்று அழுதன. பிறகு அழுகை நின்றது. பேச்சும் நின்றது. உச்சியில் கட்டிய கீற்று மறைப்புக்குள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தன. காத்தாயி இதையும் பார்த்தாள், பதில் சொல்லாத தண்ணீரையும் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வடிந்தது. பள்ளவயல் முழுவதும் பழுப்பாகக் கிடந்தது. அழுகல் நாற்றம் மேடுவரை அடித்தது. வைரக்கண்ணு வரப்பில் நின்று கூப்பிட்டான். நாலு மூலைக்கும் போய் நாலு முறை கூப்பிட்டான். பிறகு வந்து, மாட்டை அவிழ்த்து ஏரில் பூட்டினான். அவனிடம் ஒரு படி உளுந்து இருந்தது. இந்த ஈரம் காய்வதற்குள் உழுது தெளித்தால் உளுந்தாவது வரும், பிள்ளைகள் பிழைக்கும். பயிர் செத்ததற்காக நாம் சாகக்கூடாது என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. பேசும் பயிரோடு வாழ்ந்தவன், பேசாத பயிரை வேறு என்னவென்று நினைப்பான்?

சேற்றுக்குள் இருந்த நெல்லுக்கு மாடு வருவது தெரிந்தது. ஏரின் கொழு மண்ணைக் கிழிப்பதும் கேட்டது. உறையில் மிச்சம் இருந்தது ஒரு துளி மாவு. அதில் ஒரு முறை, "இருக்கேன்" என்று சொல்லலாம், வைரக்கண்ணு நின்றுவிடுவான். ஆனால் அதற்குப் பிறகு குருத்து விட எதுவும் இருக்காது. இல்லையென்றால் அந்தத் துளியை அப்படியே வைத்திருந்து, வெயில் பட்டதும் ஒரு இலை விடலாம். அதற்குள் கொழு வந்துவிட்டால் அதுவும் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்யமுடியும். நெல் இலையைத் தேர்ந்தெடுத்தது. இத்தனை நாளும் பேச்சிலேயே வாழ்ந்த பயிர், உயிர் போகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

முதல் உழவுச் சால் பாதிதான் ஓடியிருக்கும். காத்தாயி இறங்கி வந்து மாட்டுக்கு முன்னால் நின்றாள். விலகு என்றான் வைரக்கண்ணு. அவள் விலகவில்லை.

"பேசலன்னா செத்துடுச்சுன்னு அர்த்தமா? நம்ம புள்ளைங்க ரெண்டும் அஞ்சு நாளா பேசல. அதுங்க மேலயும் ஏர் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

வைரக்கண்ணு கலப்பையை விட்டுவிட்டான். அவள் குனிந்து, குழைந்த இலைகளை ஒதுக்கி, ஒரு தூரின் அடித்தாளைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அவன் கையைப் பிடித்து அமுக்கச் சொன்னாள். அவனும் அமுக்கினான். அடுத்த தூரையும் அமுக்கினான். பத்து நாள் பொறுங்கள் என்றாள். அவ்வளவு நாள் ஈரம் நிற்காது, மூன்று நாள் தருகிறேன் என்றான். கடைசியில் ஐந்து நாள் என்று முடிந்தது. உளுந்தில் பாதியை மேட்டுச் சரிவில் விதைத்துவிட்டு, பாதியை வயலுக்கென்று முடிந்துவைத்தான்.

நாலு நாள் போனது. பழுப்பு இன்னும் பழுப்பாகத்தான் இருந்தது. காத்தாயி ஒவ்வொரு நாளும் கூப்பிட வாயெடுத்துவிட்டு, கூப்பிடாமலே நின்றாள். தான் கூப்பிட்டால் அது பதில் சொல்லி, இருக்கிற தெம்பையும் தீர்த்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். ஐந்தாம் நாள் காலையில் வைரக்கண்ணு சொன்ன சொல் தவறாமல் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தான். வரப்பு ஏறியவன் அங்கேயே நின்றான். அழுகிய தூர் ஒன்றின் நடுவில், நகத்தளவு, வெளிறிய பச்சையில் ஒரு குருத்து நின்றது. பக்கத்துத் தூரிலும் ஒன்று இருந்தது. வெயில் ஏற ஏற வயல் முழுவதும் அங்கங்கே தெரிந்தது. வைரக்கண்ணு ஈர வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான். தான் ஓட்டிய அரைச்சாலில் புரண்டு கிடந்த தூர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தன் கையாலேயே மறுபடி நட்டான்.

வயலுக்கென்று முடிந்துவைத்த உளுந்தும், பிறகு மேட்டில் விதைத்ததன் இளங்காயும் பிள்ளைகளைக் காப்பாற்றின. மாசியில் நெல் விளைந்தது. கதிர் கொஞ்சம் பிந்தி வந்தது. ஆனால் பதர் குறைவு, மணி கெட்டி. மேட்டுச் சீமைக்குப் போனவர்கள் சேதி கேட்டுத் திரும்பி வந்து, ஆளுக்குக் கொஞ்சம் விதை வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு உலகத்தில் எங்கே நெல் இருந்தாலும் அது அந்தப் பள்ளவயலின் வயிற்றில் பிறந்ததுதான். அவற்றில் வெள்ளத்தைத் தாங்காத ரகங்களும் உண்டு. எந்தக் குடும்பத்தில்தான் ஊதாரிகள் இல்லை?

அறுவடைக்கு முன்னால் காத்தாயி பல நாள் வரப்பில் உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். இப்போதுதான் வெயில் இருக்கிறதே, ஒரு சொல் சொல்லேன் என்றாள். உப்பு போதுமா என்றுகூடக் கேட்டாள். நெல்லால் அப்போது பேசமுடியும். வாய் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அடுத்த வெள்ளத்துக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் மாவாகவே வைத்துக்கொண்டது. இதைப் பார்த்துவிட்டு உளுந்து நிறுத்தியது, கத்தரி நிறுத்தியது, கடைசியாக வாழையும் நிறுத்தியது. வயல்கள் அமைதியாகிவிட்டன. காத்தாயிக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அவள் அதைக் குறை சொல்லவில்லை.

அந்த ஐப்பசியிலிருந்துதான் நெல் தன் தாளில் கொஞ்சம் மாவு சேர்த்துவைக்கிறது. வெள்ளம் தலைக்கு மேல் போனால் வளராமல், அசையாமல், அதைத் தின்றுகொண்டு கிடக்கிறது. அன்று முதல்தான் ஆறு கடைசியாகப் பாயும் கடைமடை ஊர்க்காரர்கள் வெள்ளம் வடிந்த கையோடு ஏர் பூட்டுவதில்லை. வயல் பதில் சொல்லாவிட்டாலும், இறங்கி ஒரு தூரை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து நாள் பொறுக்கிறார்கள்.